நீயே இறக்கிவிடம்மா

ஜூன் 3

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தையல் மெஷினும் சுகம். மெஷினுக்கு எண்ணெய் போட்டாயிற்று. எங்கள் இருவர் முழங்காலுக்கும் எண்ணெய் போட ஆள் கிடைக்கவில்லை. உன் உடம்பு எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த ரேடார் திரையையே பார்த்துக்கொண்டு பட்டினி கிடக்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மாவுக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி, பிற்பகல் விமானம். "எனக்கு எதுக்குங்க அதெல்லாம்? பஸ்ஸுல ஏறினா காலையில போய்ச் சேரப் போறேன்" என்றாள். "பஸ்ஸுல போனா உன் பொண்ணு உன்னை இறக்க முடியுமா?" என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் ஜெயித்த முதல் வாதம் இது, தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

எதிர்க்கடையில் முடிவெட்டுகிறவரை உனக்கு ஞாபகம் இருக்கும். நாங்கள் ரேடியோ என்போமே, அவர்தான். போன வாரம் என் பிடரியில் கத்தியை வைத்துக்கொண்டு, "உம்ம பொண்ணு ஆகாயத்துல போலீஸ் வேலையாமே?" என்றார். "போலீஸ் இல்லய்யா, அவ சரின்னு சொன்னாத்தான் விமானமே தரைக்கு வரும். வர்ற இருபத்தெட்டாம் தேதி அவ அம்மாவையே இறக்கப் போறா" என்று சொல்லிவிட்டேன். கத்தி ஒரு நிமிடம் நின்றது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பை மூன்று முறை படித்த அனுபவசாலியின் மகள், பெற்றவளை வானத்திலிருந்து இறக்கப் போகிறாள். நீயே இறக்கிவிடம்மா. எனக்கு அது போதும். மருந்துக்கடை போனில் இதைப் பேசினால் வரிசையில் நிற்பவரெல்லாம் ஆலோசனை சொல்வார்கள், அதனால்தான் கடிதம்.

உன் நலம் கேட்கும்
அப்பா


ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். உங்கள் முழங்காலுக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்கிறீர்களா?

அம்மா வருவதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்த விமானத்தை நான் இறக்க முடியாது. எங்கள் அறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. நம் வீட்டு ஆள் யாராவது ஒரு விமானத்தில் வந்தால், அதை மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்துக்கு வேறொருவர் இருக்கையில் உட்காருவார். சட்டப் புத்தகத்தில் இது இல்லை. ஆனாலும் இதுவரை எல்லோரும் செய்திருக்கிறோம். வீட்டு ஆள் வரும்போது கண் அந்த ஒரு விமானத்தின் மீதே போகும், மற்றவை விட்டுப்போகும் என்பதுதான் காரணம்.

நான் வாசலில் நின்று அம்மாவை அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்
பாப்பா


ஜூன் 16

பாப்பாவுக்கு,

சுகம், சுகமே வேண்டும். பயிற்சி செய்கிறேன். காலை நீட்டி மடக்கும்போது வருகிற சத்தத்தைக் கேட்டு உன் அம்மா கதவைத் திறந்து பார்க்கிறாள்.

உன் வழக்கத்தைப் படித்தேன், இரண்டு முறை. நல்ல வழக்கம்தான். ஆனால் விமானத்தின் நெற்றியில் 'உள்ளே பாப்பாவின் அம்மா' என்று எழுதியா ஒட்டியிருக்கிறது? நீ வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? உனக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ விமானம். எங்களுக்கு இது ஒன்றுதான். அவளும் வெளியே சொல்ல மாட்டாளே தவிர, நேற்று சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே, "அவ குரல் விமானத்துக்குள்ள எனக்குக் கேட்குமாங்க?" என்றாள். கேட்காது என்று எனக்குத் தெரியும். கேட்கும் என்று சொல்லிவிட்டேன்.

ரேடியோ வேறு தினமும் கேட்கிறார். இப்போது போய் 'அவள் இறக்கவில்லை, அவளுடைய வழக்கம் அப்படி' என்றால் இந்தத் தெருவில் நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடக்க முடியுமா?

கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் செய்.

அப்பா


ஜூலை 1

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா பத்திரமாக வந்து சேர்ந்தாள். நலமாக இருக்கிறாள். இறங்குவதற்குச் சற்று முன் விமானம் சட்டென்று மேலே ஏறியதாம். அம்மா கையில் இருந்த தண்ணீர் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் கொட்டிவிட்டதாம். அதை எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

வேலை அதிகம். உங்களுடைய போன கடிதத்துக்கு அப்போதே பதில் எழுத முடியவில்லை.

அன்புடன்
பாப்பா


ஜூலை 9

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்பதைவிட ரசீது என்று சொல்லலாம். உன் நலத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை, அதனால் நானே கேட்கிறேன்: நலமா?

இங்கே நான் மட்டும். உன் அம்மா இல்லாமல் பட்டன் தைக்க ஆளில்லை. நேற்று ஒருவருக்குச் சட்டை கொடுத்தேன். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "ஐயா, மேல் பட்டனைப் போட்டா கீழ ஒரு காஜா அனாதையா நிக்குதே" என்றார். புது மாடல் என்று சொன்னேன். நம்பவில்லை.

பத்திரிகையில் ஒரு செய்தி வந்திருக்கிறது, ரேடியோ சத்தமாகப் படித்துக் காட்டினார். உங்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பயணிகள் விமானமும் ஒரு சின்னப் பயிற்சி விமானமும் வானத்தில் மோதப் பார்த்ததாம். மயிரிழையில் தப்பியதாம். தேதி இருபத்தெட்டு என்று போட்டிருந்தது. அம்மா கையிலிருந்த தண்ணீர் கொட்டியதும் அன்றைக்குத்தானே? அதற்குப் பிறகு நான் கத்தரிக்கோலையே எடுக்கவில்லை.

அது அவள் வந்த விமானமா? இறக்கியது நீயா? ரேடியோவிடம் "என் பொண்ணுதான் காப்பாத்தியிருப்பா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே?

உடனே எழுது.

அப்பா


ஜூலை 30

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நான் நலம். அம்மாவும் நலம். அவளிடம் பத்திரிகைச் செய்தியைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அது அம்மா வந்த விமானம்தான். நடந்ததை எழுதுகிறேன். மேற்கே ஒரு பயிற்சி விமானம் ஓரிடத்திலேயே வட்டமடித்துக்கொண்டு இறங்க அனுமதிக்காகக் காத்திருந்தது. அது சுற்றிக்கொண்டிருந்த உயரத்தைக் கடந்து இறங்கும்படி பயணிகள் விமானத்துக்கு எங்கள் அறையிலிருந்து உத்தரவு போனது. மேகத்தைவிட்டு வெளியே வந்ததும் விமானி எதிரே சின்ன விமானத்தைப் பார்த்து மேலே இழுத்துவிட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்று மாடி வீட்டின் உயரம்தான் இருந்தது என்கிறார்கள். யாருக்கும் அடி இல்லை.

அப்போது நான் இருக்கையில் இல்லை. சற்று முன்புதான் எழுந்திருந்தேன். என்னிடமிருந்து இருக்கையை வாங்கிக்கொண்டவர் என்னோடு வேலை பார்ப்பவர், என்னைவிட அனுபவம் உள்ளவர். உயரமாக இருப்பதால் ஒட்டகம் என்று கூப்பிடுவோம். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை நடக்கிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: விமானத்தைக் காப்பாற்றியது நான் இல்லை, விமானி.

அன்புடன்
பாப்பா


ஆகஸ்ட் 5

பாப்பா,

வாயில் சர்க்கரை போட வேண்டும் உனக்கு! 'நான் இருக்கையில் இல்லை' என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அதற்கு முந்தைய வரிகளை அப்புறம்தான் படித்தேன்.

அந்த ஒட்டகத்துக்குக் கண் எங்கே போயிற்று? அவ்வளவு உயரத்தில் தலை இருந்தும் ஒரு விமானம் தெரியவில்லையா? கட்டிங் மேஜையில் துணி இருப்பது தெரியாமல் கத்தரி வைக்கிறவனை நான் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டேன். நன்றாக நிறுத்தி வைக்கட்டும். உன் அம்மா உள்ளே இருந்திருக்கிறாள் என்று நினைத்தாலே எனக்கு அந்த ஆளை நேரில் பார்த்து நாலு கேட்க வேண்டும் போலிருக்கிறது. நான் நாலு கேட்டால் எதிராளி எட்டு கேட்பான் என்பது வேறு விஷயம்.

உன் அம்மாவை எப்போது அனுப்புகிறாய்? வாடிக்கைக்காரர்கள் பட்டனை வீட்டிலிருந்தே தைத்துக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். இந்த முறை பஸ்ஸிலேயே வரட்டும்.

நலமாய் இரு.

அப்பா


செப்டம்பர் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலம்தானே? ஒரு மாதமாக உங்களுக்கு எழுதவில்லை. மூன்று முறை எழுத உட்கார்ந்தேன்.

அந்த ஆளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அவருக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பலகை உண்டு. வானத்தில் இருக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் பட்டை அதில் செருகியிருக்கும். அதில் விமானத்தின் எண்ணும் உயரமும் இருக்கும். அன்றைக்கு மழை. திரையில் மழை மேகம் வெள்ளையாகப் படர்ந்து, சின்ன விமானத்தின் புள்ளி அதற்குள் மறைந்துபோயிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பலகையை வைத்துத்தான் வேலை.

அம்மா அந்த விமானத்தில் வருகிறாள் என்று நான் மேற்பார்வையாளரிடம் சொல்லவில்லை. அந்த விமானி முதலில் என்னிடம்தான் பேசினார். நான் பதில் சொன்னேன். இரண்டாவது பதிலில் உயரத்தைத் தப்பாகச் சொன்னேன், அவரே திருத்தினார். அடுத்ததையும் தப்பாகச் சொல்லிவிடுவேன் என்று பயந்தேன். ஒட்டகத்தைக் கூப்பிட்டு, "கொஞ்சம் உட்காருங்களேன்" என்றேன். "எல்லாம் பலகையில இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன். "எடுத்துக்கிட்டேன், போ" என்றார். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து பொறுப்பு உட்கார்ந்தவருடையது. எழுந்தவர் கொஞ்ச நேரம் கூடவே நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை. அம்மாவின் விமானம் தெரிகிறதா என்று பார்க்க ஜன்னலுக்குப் போனேன்.

ஜன்னலில் நிற்கும்போதுதான் பார்த்தேன், சின்ன விமானத்தின் பட்டை என் கையில் இருந்தது. புதிய உயரத்தை எழுத உருவியிருந்தேன். எழுதினேன். திரும்பச் செருகவில்லை.

ஓடி வந்தேன். அதற்குள் விமானி கத்திவிட்டார். எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பட்டையைப் பலகையில் செருகிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

விசாரணைக்காரர்கள் வந்தபோது பட்டை அதன் இடத்தில் இருந்தது. கண்ணெதிரே இருந்ததை ஒட்டகம் பார்க்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அவரும் அப்படித்தான் நம்புகிறார். போன வாரம் வழியில் பார்த்தேன். "எத்தனை தடவை நினைச்சுப் பார்த்தாலும் அந்த இடம் காலியாத்தான் இருக்கு எனக்கு. கண்ணு போச்சு போல" என்றார். கண் மருத்துவரிடம் போய்க் கண்ணாடி வாங்கியிருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

இம்மாதக் கடைசியில் என்னை விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள். சாட்சியாக மட்டும். இருக்கையை ஒப்படைத்தாயா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும்.

பாப்பா


செப்டம்பர் 7

பாப்பாவுக்கு,

கடைக்கு இரண்டு நாள் பூட்டுப் போட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ரேடியோ வந்து கதவைத் தட்டினார், தூங்குவது போல் இருந்தேன்.

நான் படிக்காதவன். எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. விமானம் இரண்டும் முழுசாக இருக்கின்றன. அந்த ஒட்டகத் தம்பியை இன்னும் கொஞ்ச நாளில் அவர்களே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்கள், அனுபவம் உள்ளவர் என்று நீயே சொல்லியிருக்கிறாய். உனக்கு அப்படி இல்லை. வேலை போய்விட்டால் திரும்ப வராது. செருகியதையும் சொன்னால் வேலையோடு நிற்குமா? கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்துவிடு. ஒப்படைத்தாயா என்றால், ஒப்படைத்தேன். அது பொய்யும் இல்லையே.

இதை எழுதும்போது என் கையெழுத்தைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப்போடு.

சாப்பிடு. தூங்கு.

அப்பா


அக்டோபர் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் கடையைத் திறந்துவிட்டீர்களா?

விசாரணை முடிந்துவிட்டது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருக்கையை ஒப்படைத்தாயா என்றுதான் கேட்டார்கள். "ஒப்படைச்சேன். ஆனா பட்டையை ஒப்படைக்கலை, அது என் கையில இருந்தது. அப்புறமா நான்தான் செருகினேன்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். தலைவர், "அம்மா வர்றாங்கன்னு ஏன் முன்னாடியே சொல்லலை? உங்க அறை வழக்கம்தானே அது?" என்று கேட்டார். "எனக்கே இறக்கணும்னு ஆசையா இருந்தது சார்" என்றேன். "வேற யாராவது சொன்னாங்களா?" என்றார். இல்லை என்றேன்.

ஒட்டகம் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார். என் உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். இப்போது கீழ்த்தளத்தில் வானிலைக் குறிப்புகளைத் தட்டச்சு செய்யும் பிரிவில் இருக்கிறேன். மேலும் என்ன செய்வது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லையாம்.

விசாரணைக்கு முந்தின நாள் ஒட்டகத்தின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பட்டை என் கையில் எப்படி இருந்தது என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா மூணு மாசம் நிம்மதியா தூங்கியிருப்பேன்ல?" என்றார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இதைப் போட்டா உண்மையில ஒண்ணுமே தெரியலை. கண்ணுதான் பழகலைன்னு நினைச்சேன்" என்றார். அவர் மனைவி எழுந்து உள்ளே போனார், நான் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

அம்மாவிடமும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தச் சின்ன விமானத்துல யாரு இருந்தா?" என்று மட்டும் கேட்டாள். ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணும் சொல்லித்தருபவரும் என்றேன். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தாயா என்றாள். நான் விசாரிக்கவில்லை. மறுநாள் இருவரும் பயிற்சிப் பள்ளிக்குப் போனோம். அந்தப் பெண் பயிற்சியை விட்டுவிட்டுப் போய்விட்டாளாம்.

அன்புடன்
பாப்பா


அக்டோபர் 16

அன்பு மகளுக்கு,

கடையைத் திறந்துவிட்டேன். உடம்பு சுகம். உன் சுகத்தை நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று நான் எழுதிய கடிதத்தைக் கிழித்தாயா, வைத்திருக்கிறாயா என்று நீ எழுதவில்லை. நான் கேட்கவும் போவதில்லை.

உன் ஆசை என்று அவர்களிடம் சொன்னாயாமே. வேறு யாரும் சொல்லவில்லை என்றும் சொன்னாயாம். பாப்பா, அது யாருடைய ஆசை என்று இந்தத் தெருவுக்கே தெரியும். பிடரியில் கத்தி இருக்கும்போதுகூட வாயை மூடத் தெரியாத ஒருவனுடைய ஆசை. நீ வழக்கத்தை எடுத்துச் சொன்னாய். நான் என் டேப்பையும் கழுத்தையும் பற்றி எழுதினேன்.

நேற்று முடிவெட்டும் கடையில் கூட்டமாக இருந்தது. போய் நடுவில் நின்றேன். "என் பொண்ணு யாரையும் காப்பாத்தலை. தப்பு நடந்தது. அதை ஆரம்பிச்சு வெச்சது நான்" என்று முழுவதையும் சொன்னேன். ரேடியோ கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றார். ஒருவர், "விடுங்கண்ணே, ஒண்ணும் ஆகலையே" என்றார். ஒரு பெண் ஓட்டுவதையே விட்டுவிட்டாள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு முடி பாதி வெட்டிய நிலையில் இருந்தவர்கூடத் தன்னைக் கவனிக்கச் சொல்லவில்லை. என்னாலேயே நம்ப முடியவில்லை, நான் பேசி ஒரு கடை அமைதியாக இருந்தது இதுதான் முதல் தடவை.

விசாரணைத் தலைவருக்கும் எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புத் தமிழில் அவருக்கு என்ன புரியுமோ. இதனால் உன் உரிமம் திரும்பி வரும் என்று நினைத்து எழுதவில்லை. வராது என்று எனக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். உன் அம்மாவை அழைத்துக்கொண்டு வருவது இரண்டாவது வேலை. முதலில் அந்தத் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். கண் எங்கே போயிற்று என்று நான் கேட்டது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வெறுங்கையோடு போவதா என்று யோசித்தேன். சட்டை தைக்கலாம் என்றால் அவருடைய அளவு தெரியாது. அளவெடுக்கும் சாக்கில் பேச்சை மாற்றிவிடுவேன் என்றும் பயமாக இருக்கிறது. வெறுங்கையோடே வருகிறேன்.

அவர் விலாசத்தை மட்டும் எழுதி அனுப்பு. நீயும் அம்மாவும் கூட வர வேண்டாம். அவருடைய மனைவி எழுந்து உள்ளே போனால், திரும்பி வெளியே வரும் வரை நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு
அப்பா